நெப்போலியன் காலத்துப் பொம்மைப் படை: அறிகுறி பார்த்துப் பரிகாரம்

ஒரு வீரனின் மூக்கு நுனியில் வண்ணம் வழிந்திருந்தால் அது குறையே அல்ல. நூறு வீரர்கள் மேல் அடித்த வார்னிஷ் வெளுத்துப்போனால் அது குறை. பெரிய படை சேர்ப்பவர்கள் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துகிறார்கள். காட்சிப் பெட்டிக்காக ஒற்றை உருவம் தீட்டுபவருக்குச் சொல்லும் ஆலோசனை, மேசைப் போர் விளையாட்டுக்காக எழுநூறு காலாட்படை உருவங்களை மேசைமேல் நிறுத்தப்போகிறவருக்குப் பொருந்தாது.

ஆகவே எந்தக் கோளாறு கண்ணில் பட்டாலும் இரண்டே கேள்விகள். மேசை முன்னால் நின்றபடி பார்த்தால் தெரிகிறதா? விட்டுவைத்தால் பரவுமா? இரண்டுக்கும் இல்லை என்றால் தூரிகையை அலசிவிட்டு அடுத்த பட்டாலியனுக்குப் போங்கள். கீழே இருப்பவை ஒரு கேள்விக்காவது ஆம் என்று பதில் வரும் கோளாறுகள். சுமார் 28 மி.மீ. உயர உருவங்களை மனதில் வைத்துச் சொல்கிறேன். சிறிய அளவுகளில் வழி மாறும் இடங்களைத் தனியே குறிப்பிடுகிறேன்.

வண்ணம் உரிந்து வருகிறது

எங்கே உரிகிறது என்று முதலில் பாருங்கள். நகம் பட்டாலே ஏடாகப் பெயர்ந்து, அடியில் வெறும் உலோகமோ பிளாஸ்டிக்கோ தெரிந்தால், பிரைமர் (வண்ணத்துக்கு அடியில் போடும் முதல் பூச்சு) பிடிக்கவே இல்லை என்று பொருள். அச்சிலிருந்து உருவம் எளிதில் கழன்று வரத் தடவும் பூச்சு மேலேயே தங்கிவிட்டது. இனி வாங்கும் உருவங்களை, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து அலசி, ஓர் இரவு உலரவிடுங்கள். ஏற்கெனவே தீட்டியவற்றில் உரிந்த இடத்தை மட்டும் தொட்டுப் பூசி வார்னிஷ் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். முழுதாகவே உரிகிறது என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி. அசிட்டோன் பக்கம் போகாதீர்கள். பிளாஸ்டிக் உருவங்களைக் கரைத்துவிடும்.

துப்பாக்கி முனையில் உள்ள பயனெட், தொப்பியின் இறகு, குதிரையின் காது ஆகிய இடங்களில் மட்டும் உரிந்தால் பிரைமர் மேல் குற்றமில்லை; கைதான் குற்றவாளி. உருவத்தைத் தொடாமல் அடித்தட்டைப் பிடித்து நகர்த்தும் பழக்கம் வர வேண்டும். அதோடு முதலில் பளபளப்பு வார்னிஷ், அது நன்றாகக் காய்ந்தபின் மேலே மங்கல் வார்னிஷ். பளபளப்பு வகையின் படலம் உறுதியானது. மங்கல் வகை அந்தப் பளபளப்பை மறைப்பதற்கு மட்டும்.

1/72 அளவு மென்பிளாஸ்டிக் உருவங்களின் கதை வேறு. அந்தப் பிளாஸ்டிக் வளைகிறது, அதன் மேலிருக்கும் வண்ணம் வளைவதில்லை. நெகிழும் தன்மையுள்ள அக்ரிலிக் பிரைமர் இல்லாமல் அவற்றைத் தொட வேண்டாம். தீட்டுவதற்கு முன் நீர்த்த வெள்ளைப் பசையை ஒரு பூச்சாகப் பூசுபவர்களும் உண்டு. அதுவும் பலன் தருகிறது.

பிரைமர் மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக இருக்கிறது

துளிகள் உருவத்தைத் தொடுவதற்கு முன் காற்றிலேயே உலர்ந்துவிட்டன. வெகு தூரத்திலிருந்து அடித்திருப்பீர்கள், அல்லது சூடான வறண்ட காற்றில் அடித்திருப்பீர்கள். 20 முதல் 30 செ.மீ. தூரம் போதும். லேசான சொரசொரப்பை விறைப்பான பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். 6 மி.மீ. உருவத்தில் இது நேர்ந்தால் முகமும் பட்டையும் அழிந்துபோயிருக்கும், பூச்சு முழுவதையும் நீக்கத்தான் வேண்டும். ஒரு பட்டாலியனை வரிசையாக நிறுத்தி அடிப்பதற்கு முன் ஒரே ஓர் உருவத்தில் அடித்துப் பார்ப்பவருக்கு இந்தப் பத்தி தேவைப்படாது.

வார்னிஷ் அடித்ததும் வெள்ளை மூட்டம்

பதற வேண்டாம். வண்ணம் அடியில் பத்திரமாக இருக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தது, ஒரே மூச்சில் தடிமனாக அடித்தீர்கள், அல்லது டப்பாவைச் சரியாகக் குலுக்கவில்லை. மூட்டத்தின் மேலேயே மறுபடி மங்கல் ஸ்ப்ரே அடிப்பது எல்லோரும் செய்யத் துடிக்கும் காரியம். அது மூட்டத்தை இரட்டிப்பாக்கும். பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசிப் பாருங்கள். மேற்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிரம்பியதும் ஒளி சிதறுவது நின்று, அடியிலுள்ள வண்ணம் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். பிறகு மங்கல் வகையையும் தூரிகையாலேயே பூசுங்கள். ஈரமான நாட்களில் ஸ்ப்ரே டப்பாவைத் தொடாமலிருப்பதே பெரிய பாதுகாப்பு.

இதே வெள்ளைப் படிவு ஒட்டு இடங்களின் அருகில் மட்டும் தெரிந்தால் அது சூப்பர் குளூவின் ஆவி. ஒட்டியதும் மூடிய பெட்டியில் வைத்தால் வரும். பரிகாரம் அதேதான்.

மங்கல் வார்னிஷ் உலோக வண்ணங்களின் மினுக்கத்தையும் தின்றுவிடும். கியூராசியர் குதிரைப்படையின் மார்புக் கவசம் சாம்பல் தகடாகத் தெரிந்தால் காரணம் இதுவே. வார்னிஷ் எல்லாம் முடிந்தபின் கவசத்தின் மேல் மட்டும் பளபளப்பு வகையை ஒரு முறை இழுத்துவிடுங்கள்.

நீலப்படை கறுப்பாகத் தெரிகிறது

பிரெஞ்சுப் படையும் பிரஷ்யப் படையும் தீட்டுபவர்கள் அநேகமாக எல்லோரும் வந்து நிற்கும் இடம் இது. கையில் பிடித்துப் பார்க்கும்போது அழகான கருநீலம். மேசைமேல் 24 பேராக நிறுத்திவிட்டு இரண்டடி பின்னால் போனால் கரித்துண்டு.

அசல் சீருடை அவுரிச் சாயமிட்ட கருநீலம் என்பது உண்மைதான். ஆனால் ஆளுயர மனிதன்மேல் விழும் வெளிச்சமும் கட்டைவிரல் உயர உருவத்தின்மேல் விழும் வெளிச்சமும் ஒன்றல்ல. உருவம் சிறிதாகச் சிறிதாக வண்ணம் வெளுக்க வேண்டும். 28 மி.மீ.க்கு நடுத்தர நீலத்தில் தொடங்கி மடிப்புகளில் கருநீல வாஷ் (நீர்த்த வண்ணம்) விடுங்கள். பிறகு தோள், முழங்கை, கைவிளிம்பு ஆகிய மூன்று இடங்களில் மட்டும் ஒரு படி வெளிர்நீலக் கோடு. 15 மி.மீ.க்கு இன்னும் ஒரு படி வெளிர்ந்த நீலத்தில் தொடங்குங்கள். 6 மி.மீ.யில் “இது மிகவும் வெளுப்பு” என்று மனம் உறுத்துகிற நீலம்தான் சரியான நீலம்.

ஆனால் நீலத்தை மட்டும் திருத்தினால் பாதி வேலைதான் ஆகும். பிரெஞ்சு லைன் (வழக்கமான) காலாட்படை வீரனின் மார்பைக் கிட்டத்தில் பாருங்கள்: சிவப்பு ஓரம் வைத்த இரண்டு வெள்ளை மடிப்புகள், அவற்றின் குறுக்கே தோட்டாப்பையின் வெள்ளைப் பட்டை. வெள்ளைமேல் வெள்ளை. இரண்டுக்கும் நடுவே முடி கனத்தில் ஒரு கருங்கோடு விட்டுவிட்டால் பட்டை தனியாக எழுந்து நிற்கிறது. அந்த ஒரு கோடு, நீலத்தில் செய்யும் பத்து நுணுக்கங்களைவிட மேசையில் அதிகம் பேசும். 6 மி.மீ.யில் பட்டைக்கு ஒரு வெள்ளைக் கீற்று, முகத்துக்குத் தோல் நிறப் புள்ளி, வெள்ளைக் கால்சட்டை, அவ்வளவே.

மூன்றாவது சந்தேகம் அடித்தட்டின் மேல். கரும்பழுப்பு மண்ணில் கருநீல வீரன் மூழ்கிப்போவான். மண்ணின் மேல் வெளிர்ந்த மணல் நிறத்தை, தொட்டுத் துடைத்த உலர் தூரிகையால் தேய்த்துவிட்டாலே பல படைகள் உயிர் பெறுகின்றன. சோதிக்க எளிய வழி உண்டு: கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். மேலங்கியும் மண்ணும் ஒரே சாம்பலாக வந்தால், வீரனை விட்டுவிட்டு மண்ணை மாற்றுங்கள்.

வெள்ளை திட்டுத்திட்டாக, சிவப்பும் மஞ்சளும் மூடாமல்

வெள்ளையை வெள்ளையால் தொடங்குவதுதான் கோளாறு. இளஞ்சாம்பலை மெல்லிய இரண்டு பூச்சாகப் பூசி, தூய வெள்ளையை மேடுகளில் மட்டும் வையுங்கள். வெள்ளை மேலங்கி அணிந்த ஆஸ்திரிய ரெஜிமென்ட்டுகளை இப்படித்தான் முடிக்க முடியும். இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சுவர்.

சிவப்பைப் பழுப்பின் மேல் பூசுங்கள், வெள்ளைப் பிரைமரின் மேல் பூசினால் ஆரஞ்சுக்கு ஓடும். பிரிட்டிஷ் படைக்கு இன்னொரு வசதி உண்டு. சாதாரணச் சிப்பாயின் மேலங்கி மங்கலான செங்கல் சிவப்பு, அதிகாரிகளுடையது பளீரென்ற சிவப்பு. இந்த வேறுபாட்டைக் காட்டினால் அதிகாரி எங்கே நிற்கிறார் என்று தேடவே வேண்டியதில்லை. மஞ்சளுக்கு முதலில் காவி மஞ்சள் ஒரு பூச்சு.

ஒரே ரெஜிமென்ட், இரண்டு நீலம்

முதல் பட்டாலியனுக்கும் இரண்டாவதற்கும் நடுவே குப்பி மாறியிருக்கிறது, அல்லது கலவை விகிதம் மறந்திருக்கிறது. மறுபடி தீட்டாதீர்கள். இரண்டுக்கும் ஒரே பழுப்பு வாஷை நீர்த்துப் பூசினால் நிறங்கள் நெருங்கிவிடும். அதுவும் போதாது என்றால் இரண்டையும் வேறு வேறு பிரிகேடில் நிறுத்துங்கள். போர்க்களத்தில் சாயம் வெளுத்து, ஒட்டுப்போட்ட துணியோடு நின்ற படைகள் இவை. அச்சடித்த ஒற்றுமை அவற்றிடம் இருந்ததே இல்லை. அடுத்த தொகுதிக்கு முன் எந்த நீலம், எத்தனை பங்கு, எந்த வாஷ் என்று ஒரு தாளில் எழுதி அடித்தட்டின் அடியிலேயே ஒட்டிவிடுங்கள். நோட்டுப் புத்தகம் தொலையும், அடித்தட்டு தொலையாது.

தொப்பி ஒரு வருடம், கொடி வேறொரு வருடம்

மேசைக்கு எதிரே நிற்கும் நண்பர் பார்த்ததும் பிடித்துவிடும் கோளாறு. நெப்போலியன் காலம் என்று ஒரே பெயரில் சொன்னாலும், 1805இல் நின்ற படையும் 1815இல் நின்ற படையும் பார்வைக்கு வெவ்வேறு.

பிரெஞ்சுக் காலாட்படையை எடுத்துக்கொள்ளுங்கள். 1805 டிசம்பர் 2 அன்று ஆஸ்டர்லிட்ஸில் போரிட்ட லைன் வீரர்கள் இருமுனைத் தொப்பிக்காரர்கள். உருளை வடிவ ஷாக்கோ தொப்பி 1806இல்தான் அவர்களுக்கு ஆணையிடப்பட்டது. 1808 பிப்ரவரி 18 ஆணைக்குப் பிறகு பட்டாலியன் என்றால் ஆறு கம்பெனி: ஒன்று கிரெனேடியர் (தேர்ந்தெடுத்த வீரர்கள்), ஒன்று வோல்டிஷர் (முன்னே சிதறி நின்று சுடுபவர்கள்), மீதி நான்கு ஃபியூசிலியர் (சாதாரணச் சிப்பாய்கள்). 1812 ஜனவரி 19 ஆணை, இடுப்பளவில் மூடிய குட்டை மேலங்கியைக் கொண்டுவந்தது. ஆனால் அந்த ஆண்டு ஜூனில் ரஷ்யாவுக்குள் நுழைந்தவர்கள் பெரும்பாலும் பழைய உடையில்தான் போனார்கள். புதியது பரவலாகத் தெரிவது 1813இல். கொடியும் இதே கதை. 1804 மாதிரியில் நடுவில் வெள்ளைச் சாய்சதுரம், மூலைகளில் சிவப்பும் நீலமும். 1812 மாதிரியில் செங்குத்தான மூன்று பட்டைகள். கொடிக்கம்பத்தின் உச்சியில் வைக்கும் கழுகுச் சின்னம் 1808 ஆணைப்படி ரெஜிமென்ட்டுக்கு ஒன்றுதான், அதுவும் முதல் பட்டாலியனிடம். உங்கள் 1809 படையில் பட்டாலியனுக்கு ஒரு கழுகு பறந்தால் அது ஆணைக்கு மாறானது.

பிரிட்டிஷ் பக்கம், நெப்போலியனின் கடைசிப் போரான 1815 வாட்டர்லூவில் காணும் உயர்ந்த முன்தகடு வைத்த ஷாக்கோவை ஸ்பெயின் போர்முனைக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே கடைசிவரை நின்றது புகைபோக்கி வடிவப் பழைய ஷாக்கோ.

பரிகாரம் மலிவானது. முதலில் கொடியை மாற்றுங்கள். ஒரு பட்டாலியனின் வருடத்தைப் பார்ப்பவர் கண்ணுக்கு அறிவிப்பது அதுதான். அடுத்து, இனி வாங்குவதில் நீள் ஓவர்கோட்டும் உறை போட்ட ஷாக்கோவும் அணிந்த உருவங்களைத் தேர்ந்தெடுங்கள். மார்பு மடிப்பும் தொப்பித் தகடும் மறைந்துவிடுவதால் 1807 முதல் 1815 வரை எங்கும் நிறுத்தலாம். தீட்டுவதும் விரைவு.

ஆறு கம்பெனி அமைப்பு கையிலிருக்கும்போது ஒரு சின்ன இன்பத்தை விட்டுவிடாதீர்கள். அடித்தட்டுக்கு நான்கு பேர் வீதம் ஆறு அடித்தட்டு வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. வலக்கோடியில் சிவப்புத் தோள்குஞ்சத்தோடு கிரெனேடியர், இடக்கோடியில் வோல்டிஷர். நடுவிலுள்ள ஃபியூசிலியர்களின் தொப்பிக் குஞ்சங்கள் வரிசையாகக் கரும்பச்சை, வான்நீலம், ஆரஞ்சு, ஊதா. பதினாறு புள்ளிகள் வைக்கச் சில நிமிடங்கள் ஆகும். மேசையில் பட்டாலியன் தன் அமைப்பைத் தானே சொல்லிவிடும்.

ஒரு நிறுவனத்து வீரன் பக்கத்தில் மற்றவன் குள்ளமாகத் தெரிகிறான்

28 மி.மீ. என்பது ஒரே அளவல்ல. உச்சந்தலை வரை அளப்பவரும் உண்டு, கண் வரை அளப்பவரும் உண்டு. உயரத்தைவிடக் கண்ணை உறுத்துவது தலையின் பருமனும் துப்பாக்கியின் தடிமனும். ஒரே பட்டாலியனில் கலக்காதீர்கள். பக்கத்துப் பட்டாலியனில் யாருக்கும் தெரியாது. குள்ளமானவர் அதிகாரியாக இருந்தால் காலடியில் மேடு வைத்து ஏற்றிவிடுங்கள்.

அடித்தட்டு வளைகிறது

வெள்ளைப் பசையும் மணலும் உலரும்போது சுருங்கி மேல்பக்கத்தை இழுக்கின்றன. மெல்லிய அட்டையும் மெல்லிய எம்.டி.எஃப். (மரநார்) பலகையும் அதற்கு வளைந்து கொடுக்கின்றன. அடிப்பக்கத்தையும் லேசாக நனைத்து, சமதளத்தில் ஓரங்களுக்குப் பாரம் வைத்து ஓர் இரவு விடுங்கள். அடுத்த முறை 3 மி.மீ. பலகை எடுத்து, பசை தொடுவதற்கு முன் இரு பக்கமும் ஒரு பூச்சு வண்ணம் கொடுத்து மூடிவிடுங்கள். வரிசையாக நிற்கும் ஆறு அடித்தட்டுகளில் ஒன்று மட்டும் வளைந்தாலும் படையணியில் இடைவெளி விழும். அந்த இடைவெளி மூக்கில் வழிந்த வண்ணத்தைப் போலல்ல, அறையின் அந்தக் கோடியிலிருந்தே தெரியும்.

கொடியின் ஓரத்தில் வெள்ளைக் கோடு

அச்சிட்ட காகிதக் கொடியின் வெட்டுமுனை அது. பக்கத்திலுள்ள நிறத்தையே எடுத்து ஓரத்தில் ஓட்டிவிடுங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே மடிப்புகளை வளைத்துவிட வேண்டும். காய்ந்தபின் வளைத்தால் அச்சு விரிசல் விடும்.

வாங்குவது நடக்கிறது, தீட்டுவது நடக்கவில்லை

சோம்பல் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளுமுன் கணக்கைப் பாருங்கள். வாட்டர்லூவில் நெப்போலியன் பக்கம் சுமார் 73,000, வெலிங்டன் பக்கம் சுமார் 68,000, பிரஷ்யர்கள் சுமார் 50,000. இருபது பேருக்கு ஓர் உருவம் என்று வைத்தாலும் 9,500ஐத் தாண்டுகிறது. வாரத்துக்கு 12 உருவம் என்று தவறாமல் முடிப்பவருக்கும் பதினைந்து ஆண்டுகள். கோளாறு கையில் இல்லை, திட்டத்தில் இருக்கிறது.

இந்த நோய் புதிதுமல்ல. வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1830இல் வாட்டர்லூ களத்துக்கே போய், லா ஹே சாந்த் பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டி உருவங்கள் கொண்ட அவருடைய மாதிரி 1838இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. அவருக்கு மிஞ்சியது கடன். மாதிரி இன்றும் லண்டனில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் வியக்கிறார்கள், நான் வியப்பது அத்தனையையும் அவர் முடித்ததைத்தான்.

முழுப் போரை விட்டு ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன், 1815 ஜூன் 16 அன்று நடந்த கேத்ர் பிரா போர் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. தொடக்கத்தில் அங்குள்ள சாலைச் சந்திப்பைக் காத்தது சுமார் 8,000 பேர் கொண்ட ஒரே நெதர்லாந்து டிவிஷன். பிற்பகலில்தான் பிரிட்டிஷ் படைகளும் பிரன்ஸ்விக் படையும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நீங்களும் அதே வரிசையில் தீட்டலாம். டிவிஷன் முடிந்ததுமே ஆடத் தொடங்கிவிடலாம். பிரன்ஸ்விக் வீரர்கள் கறுப்பு உடைக்காரர்கள் என்பது கூடுதல் ஆறுதல்.

வேலை செய்யும் முறையிலும் ஒரு திருத்தம். நாற்பது உருவங்களை ஒன்றாக எடுத்து எல்லாருக்கும் கால்சட்டை, எல்லாருக்கும் பை என்று போனால் மூன்றாவது நாள் வெறுத்துவிடும். ஐந்தாறு உருவங்களை எடுத்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் தூரிகை கழுவியே நேரம் போய்விடும். பன்னிரண்டு என்பது நல்ல நடு. கடைசி உருவத்தில் பட்டை வரைந்து முடிக்கும்போது முதல் உருவம் காய்ந்திருக்கும். பின்வரிசையில் நிற்பவனின் மார்பில் நேரம் செலவிட வேண்டாம். அவனுடைய முதுகுப்பைதான் எதிராளிக்கும் உங்களுக்கும் தெரியப்போகிறது. குதிரைகளை ஏறி அமர்பவர்களோடு சேர்க்காமல், ஒரே நிறக் குதிரைகளாகத் தனித் தொகுதியில் முடியுங்கள்.

பழைய ஈய உருவங்களில் வெள்ளைப் பொடி

மேலே சொன்ன எதையும் நாளைக்கு ஒத்திவைக்கலாம், இதை முடியாது. ஈயம் மிகுந்த பழைய வார்ப்புகளை மரப்பெட்டியில், குறிப்பாக ஓக் மர இழுப்பறையில், மூடி வைத்தால் மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தைத் தாக்கி, அது வெள்ளைக் கார்பனேட்டாக உதிரத் தொடங்கும். வண்ணம் பூசாத அடிப்பாகத்திலும் துப்பாக்கி முனையிலும்தான் முதலில் தெரியும்.

பொடியை ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள், ஈயம் நச்சு. கையுறையும் முகக்கவசமும் அணிந்து ஈரத் துணியால் துடைத்தெடுத்து, துணியைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பொடி கண்ட உருவங்களை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். பொடி நீங்கியபின் துப்பாக்கி குச்சியாக மெலிந்திருந்தால் அந்த உருவத்தை விட்டுவிடலாம். உறுதியாக இருந்தால் நன்றாக உலர்த்தி, அடிப்பாகம் உட்பட எல்லாப் பக்கமும் பிரைமரும் வார்னிஷும் போட்டு மூடுங்கள். பிறகு காற்று புகும் உலோக அலமாரிக்கோ பாலிபுரோப்பிலீன் பெட்டிக்கோ மாற்றுங்கள். ஈயம் கலக்காத இன்றைய வெள்ளீய உருவங்களுக்கு இந்த ஆபத்து இல்லை. எது எந்த வகை என்று தெரியாவிட்டால் ஈயம் என்றே எடுத்துக்கொண்டு, தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; அந்த மர இழுப்பறையில் இனி தூரிகைகளை வைத்துக்கொள்ளுங்கள்.